டெலஸ்கோப்ப நகர்த்த காசு கொடுத்து சாஃப்ட்வேர் வாங்கணுமா?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார். அவர்கிட்ட 6 இன்ச் ரிஃப்ளெக்டர் டெலஸ்கோப், அத மோட்டார்ல தானா திருப்பற ஸ்கைவாட்சர் கோ-டு மவுண்ட், அதோட வந்த சின்ஸ்கேன் ஹேண்ட் கன்ட்ரோலர், ஒரு விண்டோஸ் லேப்டாப் இருக்கு. லேப்டாப்ல இருந்தே நகர்த்தணும்னு ஆசை. விக்கிறவர் என்ன சொன்னாராம்னா, "180 கோடி நட்சத்திரம் இருக்கிற சாஃப்ட்வேர், கேபிளோட சேத்து ஒரே செட், இலவசமா கிடைக்கிறதெல்லாம் வானத்தைப் படமா காட்டும், டெலஸ்கோப்ப நகர்த்தாது". வாங்கலாமான்னு கேக்கிறார்.

வாங்காதீங்க. உங்களுக்கு ஸ்டெல்லாரியம்ங்கிற வானத்தைக் காட்டற புரோகிராமே போதும். அது ஓப்பன் சோர்ஸ், கம்ப்யூட்டருக்கான வெர்ஷன் முழுசா இலவசம், டெலஸ்கோப்ப நகர்த்தற வசதி அதுக்குள்ளயே பிளகினா (தேவைப்பட்டா ஆன் பண்ணிக்கிற கூடுதல் பகுதியா) இருக்கு. அத ஒருதடவ ஆன் பண்ணிட்டு புரோகிராம மூடித் திறக்கணும், அவ்வளவுதான். இந்த ஒரு கிளிக் தெரியாததால எத்தனையோ பேர் "இலவசத்துல நகராது"ங்கிறத நம்பி காசு கட்டிட்டு வர்றாங்க, கேக்கவே வயிறு எரியுது. அதே இலவச புரோகிராம சிடியில போட்டு விக்கிறவங்களும் இருக்காங்க, அதனால டவுன்லோட நேரா ஸ்டெல்லாரியத்தோட சொந்த சைட்ல இருந்தே எடுங்க.

அப்புறம் அந்த 180 கோடி. கையா விண்கலம் எடுத்த பட்டியல்ல அவ்வளவு இருக்கிறது நிஜம்தான். ஆனா உங்க 6 இன்ச்ல நல்ல இருட்டுல கண்ண வெச்சுப் பாத்தா சுமார் 13-ஆவது மேக்னிட்யூட் (ஒளி அளவு, எண் கூடக் கூட மங்கல்) வரைக்கும்தான் தெரியும், மிச்சக் கோடிகள் உங்க ஐபீஸுக்குள்ள வரவே வராது. எண்ணிக்கையக் காட்டி யாராவது வித்தா, "என் டெலஸ்கோப்ல இதுல எத்தன தெரியும்?"னு திருப்பிக் கேளுங்க.

இப்ப கேபிள். இதத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்வேன். லேப்டாப் கேபிள் போக வேண்டியது ஹேண்ட் கன்ட்ரோலருக்கு, மவுண்டுக்கு இல்ல. பழைய கன்ட்ரோலர்னா சீரியல் கேபிள், கூட யுஎஸ்பி கன்வெர்ட்டர். புதுசுல யுஎஸ்பி ஜாக்கே இருக்கும். சீரியல் கேபிள்ல வோல்டேஜ் பிளஸ் மைனஸ் 12 வரைக்கும் போகும், மவுண்ட் போர்டு எதிர்பாக்கிறது 5 வோல்ட்டோ அதுக்கும் கம்மியோதான், ஜாக் பொருந்துதேன்னு நேரா செருகினா போர்டு போச்சு. இதுக்கு ஒரு விலக்கு உண்டு, அதையும் சொல்லிடறேன், இல்லன்னா யாராவது வந்து குழப்புவாங்க. ஈக்யூமாட் கேபிள்னு ஒண்ணு இருக்கு, அத மவுண்ட்லயே செருகலாம், ஏன்னா அதோட யுஎஸ்பி முனைக்குள்ள வோல்டேஜக் கம்மியா வெச்சுக்கிற சிப் இருக்கு, இந்தக் கம்மி வோல்டேஜ் வகையத்தான் டிடிஎல்னு சொல்வாங்க. பாக்க சாதா கேபிள் மாதிரியேதான் இருக்கும். அதனால "இது டிடிஎல் கேபிளா, என் மவுண்ட் மாடலுக்குன்னே செஞ்சதா?"ன்னு கேட்டு, தெளிவா ஆமான்னு பதில் வந்தாத்தான் வாங்கணும். சில புது மவுண்ட்ல யுஎஸ்பி ஜாக் மவுண்ட்லயே இருக்கு, அவங்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. எல்லாக் கம்பெனியும் உக்காந்து பேசி ஒரே ஜாக்குன்னு முடிவு பண்ணியிருந்தா இத எழுதவே வேண்டியதில்ல. இத்தன வருஷமாச்சு, இன்னும் ஆளுக்கொரு ஜாக், ஆளுக்கொரு கேபிள், ஆரம்பிக்கிறவங்க தலையிலதான் விடியுது.

கேபிள் மாட்டியாச்சுன்னா, விண்டோஸ் டிவைஸ் மேனேஜர்ல காம் நம்பரப் (கேபிள் மாட்டின போர்ட்டுக்கு விண்டோஸ் கொடுத்த நம்பர) பாத்து ஸ்டெல்லாரியத்துல அதே நம்பரக் கொடுங்க, லிஸ்ட்ல சின்ஸ்கேனத் தேர்ந்தெடுங்க. நம்பரே தெரியலன்னா கன்வெர்ட்டர் சிப் போலியா இருக்கலாம், அத டிரைவர் ஏத்துக்காது. எஃப்டிடிஐங்கிற கம்பெனியோட சிப் இருக்கிற கன்வெர்ட்டரா பாத்து மாத்துங்க. அதுக்கு முன்னாடி கன்ட்ரோலர்ல எப்பவும் போல அலைன்மென்ட் (தெரிஞ்ச நட்சத்திரத்தக் காட்டி திசை சொல்லிக் கொடுக்கறது) முடிச்சிருக்கணும், டெலஸ்கோப் எங்க பாக்குதுன்னு லேப்டாப்புக்குத் தானா தெரியாது. கன்ட்ரோலர்ல தேதி போடும்போது மாசம் முதல்ல, நாள் அப்புறம், இதுல தடுமாறாதவங்களே இல்ல.

எல்லாம் சரியா இருந்தா திரையில டெலஸ்கோப் பேரோட ஒரு வட்டம் தெரியும். எம்13-ங்கிற நட்சத்திரக் கொத்தக் கிளிக் பண்ணி கீபோர்டுல கன்ட்ரோல் கீயோட 1 அழுத்துங்க, மோட்டார் சத்தம் கேக்கும், அந்த வட்டம் எம்13 இருக்கிற ஹெர்குலிஸ் விண்மீன் குழு பக்கமா மெல்ல ஊர்ந்து போகும். கிட்டப் போய் நிக்குது ஆனா ஐபீஸ்ல விழலைன்னா, ஜே2000-ன்னு (2000-ஆம் வருஷக் கணக்குல) இருக்கிற செட்டிங்க இன்றைய தேதிக்கு மாத்திப் பாருங்க. பூமியோட அச்சு மெதுவா ஆடறதால நட்சத்திரத்தோட இடத்தச் சொல்ற எண்கள் வருஷத்துக்கு 50 ஆர்க் செகண்ட் (ஒரு ஆர்க் செகண்ட்னா டிகிரில 3600-ல ஒரு பங்கு) வரைக்கும் நகருது, 2000-ல இருந்து கணக்குப் பண்ணா நிலாவோட அகலத்துல பாதிக்கு மேல வந்துடுது.

பின்னாடி கேமரா மாட்டி கைடிங் (நட்சத்திரம் விலகாம மவுண்டத் திருத்திக்கிட்டே இருக்கறது) பண்ணப் போறீங்கன்னா மட்டும் ஆஸ்காம்ங்கிற சாஃப்ட்வேர் வேணும். ஒரு காம் போர்ட்ட ஒரு நேரத்துல ஒரு புரோகிராம்தான் பிடிச்சுக்க முடியும், ஆஸ்காம் நடுவுல நின்னு பல புரோகிராமுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். அதுவும் இலவசம். லினக்ஸ்காரங்களுக்கு இதே வேலைக்கு இண்டி, கேஸ்டார்ஸ்னு புரோகிராம்கள் இருக்கு.

பகல்ல சோதிச்சுப் பாக்கறதா இருந்தா மூடியக் கழட்டாம சோதிங்க. ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் போகும்போது மவுண்ட் சூரியன் வழியாவும் போயிடும்.