மியூஸ்ஸ்கோரில் நான்கு குரலையும் ஆர்கனையும் தனித்தனியே பிரிப்பது

கேள்வி: இசைக் குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் வேலூர் சபைப் பாடகர் குழுவுக்குப் பாட்டு எழுதும்போது இடது ஓரத்தில் ஒரே அடைப்பு ஆறு ஸ்டாஃபையும் (ஐந்து கோட்டு இசை வரிசை) பிடித்துக்கொள்கிறது; பார்களைப் பிரிக்கும் செங்குத்துப் பார் கோடு தமிழ் எழுத்தின் மேலேயே ஓடுகிறது. என்ன செய்வது?

இவை இரண்டும் வேறு வேறு கோளாறு. அடைப்பைக் கிளிக் செய்து டெலீட் அழுத்துங்கள். மேல் குரலான சோப்ரானோவின் முதல் பாரைக் கிளிக் செய்து, ஷிப்டைப் பிடித்தபடி கீழ்க் குரலான பாஸின் முதல் பாரைத் தொட்டு, குறியீடுகள் இருக்கும் பேலட்டில் நேர் அடைப்பைச் சொடுக்குங்கள். ஆர்கனின் இரு கைகளுக்கு மட்டும் வளைந்த அடைப்பு.

பார் கோடு அடைப்போடு சேர்ந்து மாறாது. பலரும் தடுமாறுவது இங்கேதான். சோப்ரானோவின் ஒரு பார் கோட்டைத் தேர்ந்தெடுத்தால் அடியில் சின்னக் கைப்பிடி தெரியும். அதை அந்த ஸ்டாஃபின் கீழ்க் கோடு வரை மேலே இழுத்துவிடுங்கள். ஆல்டோ, டெனர், பாஸுக்கும் அப்படியே. குரல் ஸ்டாஃப்களுக்கு இடையே கோடு ஓடாமல் இருப்பதே முறை, பாடல் வரிகளுக்கு அதுதான் இடம். ஆர்கனில் மட்டும் இரண்டையும் கோடு இணைக்கட்டும்.

இன்னும் நெருக்கமாக இருந்தால் பக்க அமைப்பில் ஸ்டாஃப் இடைவெளியை (ஒரு ஸ்டாஃபின் அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு நடுவே உள்ள தூரம்) 1.75 மி.மீ.யிலிருந்து 1.5 ஆக்குங்கள், ஸ்டாஃப் உயரம் 7 மி.மீ.யிலிருந்து 6 ஆகும். ‘கூ’, ‘ழு’ போன்றவை கீழே இறங்குவதால் பாடல் வரிக்கும் அடுத்த ஸ்டாஃபுக்கும் நடுவே இடத்தைக் குறைக்காதீர்கள்.