வெளியிடத்தில் டயாப்பர் மாற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: இரண்டு மாதக் குழந்தை. ஐந்து மணி நேரம் வெளியே இருக்க வேண்டும். எத்தனை டயாப்பர் எடுத்துக்கொள்வது? பையை எவ்வளவு அடைத்தாலும் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது அக்கா.

பதில்: இந்த வயதில் ஒரு நாளைக்கு 8 முதல் 12 டயாப்பர் வரை ஆகும். வெளியே இருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு, அதற்கு மேல் இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து மணி நேரத்துக்கு ஐந்து போதும். கூடுதலாக இரண்டு எதற்கு என்றால், பால் வயிற்றுக்குள் போனதும் குடல் அசையத் தொடங்கும். புதிதாகப் போட்ட ஐந்தாவது நிமிடமே மலம் போகிற குழந்தைகள் நிறைய. அதனால் பால் கொடுப்பதற்கு முன்பு மாற்றுவதைவிடக் கொடுத்துக் கொஞ்ச நேரம் கழித்து மாற்றினால் ஒரு டயாப்பர் மிச்சம்.

விட்டுப்போவது, எல்லாம் ஒரே பையில் கலந்து கிடப்பதால். பெரிய பைக்குள் சின்னதாக ஒரு ஜிப் பை வையுங்கள். அதில் டயாப்பர் 2, மூடி உள்ள சிறிய வைப்ஸ் பாக்கெட், மடித்த விரிப்பு, க்ரீம், காலிப் பிளாஸ்டிக் பை 2. மாற்றப் போகும்போது அந்தச் சின்னப் பை மட்டும் கூட வந்தால் போதும். வீட்டுக்குத் திரும்பியதும் குறைந்ததை நிரப்பி வைத்துவிட வேண்டும், மறுபடி கிளம்பும்போது அல்ல. பெரிய பையில் குழந்தைக்கு இரண்டு செட் உடை, உங்களுக்கு ஒரு மேலாடை. உங்களுக்கான மேலாடையைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

கேள்வி: பொதுக் கழிவறைகளில் சுவரோடு மடக்கும் மேசை இருக்கிறது. ஆனால் இரண்டு கை போதவில்லை. ஒவ்வொரு தடவையும் வைப்ஸ் கீழே விழுகிறது, இல்லையென்றால் குழந்தையின் கால் அழுக்கு டயாப்பருக்குள் போய்விடுகிறது. எந்த வரிசையில் செய்வது?

பதில்: குழந்தையைப் படுக்க வைத்த பிறகு எந்தப் பொருளையும் தேடக்கூடாது. அதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக வரும்.

மேசையை இறக்கியதும் கையால் நன்றாக அழுத்திப் பாருங்கள். ஆடினாலோ முழுதாக இறங்காவிட்டாலோ வேண்டாம். பெரும்பாலும் எடை வரம்பு அதன் மேலேயே எழுதியிருக்கும். ஒரு வைப்ஸால் துடைத்துவிட்டு விரிப்பைப் போடுங்கள். புது டயாப்பரை விரித்து, கால் பக்கத்துச் சுருக்கங்களை விரலால் நிமிர்த்தி விடுங்கள். வைப்ஸ் நான்கைந்தை முன்கூட்டியே உருவி வையுங்கள். ஒரு கையால் உருவினால் பாக்கெட்டே கூட வரும். குப்பைப் பையின் வாயைத் திறந்து வையுங்கள். இதெல்லாம் முடியும் வரை குழந்தை உங்கள் தோளிலோ வண்டியிலோ, கூட வந்தவர் கையிலோ இருக்கட்டும்.

இப்போது குழந்தையைப் படுக்க வைத்து, மேசையில் உள்ள பாதுகாப்புப் பட்டையைப் போடுங்கள். பட்டை போட்டாலும் ஒரு கை எப்போதும் குழந்தையின் மேல் இருக்க வேண்டும். இன்னும் புரளாத குழந்தைதானே என்று விடாதீர்கள், முதல் தடவை எப்போது புரளும் என்று அது சொல்லிவிட்டுப் புரளாது.

பழையதைத் திறக்கும் முன்பே புதியதை அடியில் செருகிவிடுங்கள். டேப் உள்ள பக்கம் முதுகுக்குக் கீழே, அதன் மேல் விளிம்பு இடுப்பு உயரத்துக்கு வர வேண்டும். பிறகு பழையதன் டேப்புகளைப் பிரித்து அவற்றின் மேலேயே மடித்து ஒட்டுங்கள், தொடையில் ஒட்டிக்கொள்ளாது. முன்பக்கத்தை உடனே முழுதாக எடுத்துவிடாமல் ஓரிரு நொடி லேசாகத் தூக்கிப் பிடியுங்கள். காற்றுப் பட்டதும் சிறுநீர் வரும், ஆண் குழந்தை என்றால் உங்கள் முகம் வரைக்கும்கூட. மலம் இருந்தால் பழைய டயாப்பரின் சுத்தமான முன்பகுதியாலேயே முன்னிருந்து பின்னாக ஒரு வழி வழித்து, அதை உள்பக்கமாக மடித்து இடுப்புக்கு அடியில் விடுங்கள். அழுக்கு மூடிவிடும், காலை உதைத்தாலும் பட்டுக்கொள்ளாது. இதற்கே பாதி வைப்ஸ் மிச்சம்.

துடைப்பதும் முன்னிருந்து பின்னாகத்தான். பெண் குழந்தைக்கு இது கட்டாயம், இல்லாவிட்டால் மலத்தில் உள்ள கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகும். ஆண் குழந்தைக்கு முன்தோலைப் பின்னால் தள்ளிச் சுத்தம் செய்ய வேண்டாம், வெளியே துடைத்தால் போதும். தொடை மடிப்புகளை விரித்துப் பாருங்கள், மிச்சம் அங்கேதான் ஒளிந்திருக்கும். பின்பக்கம் துடைக்கக் காலை உயரத் தூக்குவதைவிடப் பக்கவாட்டில் திருப்புவது நல்லது. காலைத் தூக்கி வயிற்றை மடக்கினால் குடித்த பால் மேலே வரும்.

பழையதை உருவினால் புதியது ஏற்கெனவே அடியில் இருக்கிறது. ஈரம் காய அரை நிமிடம் விட்டு மூடுங்கள். ஆண்குறி கீழ்நோக்கி இருக்கட்டும், மேல்நோக்கி இருந்தால் வயிற்றுப் பக்கம் கசியும். இடுப்பில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கம். கடைசியாகக் கால் சுருக்கங்கள் வெளிப்பக்கம் திரும்பி இருக்கின்றனவா என்று தொடையைச் சுற்றி ஒரு விரல் ஓட்டுங்கள். உள்ளே மடங்கிய சுருக்கம் தண்ணீரை வெளியே கொண்டுவரும் வாய்க்கால்.

கேள்வி: மேசையே இல்லாத இடத்தில்? நான் அப்பா. ஆண்கள் கழிவறையில் பல இடங்களில் மேசை இருப்பதில்லை.

பதில்: முதலில் மாற்றுத்திறனாளிகள் கழிவறையிலோ குடும்ப அறையிலோ மேசை இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள், பல கட்டடங்களில் அங்கேதான் வைத்திருப்பார்கள். அதுவும் இல்லையென்றால் தரை. வெளியிடத்தில் நான் முதலில் சொல்வது தரையைத்தான், அங்கிருந்து கீழே விழ வழியில்லை. ஆனால் கழிவறையின் ஈரத் தரை வேண்டாம்; வெளியே ஆள் நடமாட்டம் குறைந்த, காய்ந்த மூலை. நீர்புகா விரிப்பு குறைந்தது 50 சென்டிமீட்டருக்கு 70 இருக்கட்டும், அதற்கும் சின்னதில் குழந்தையின் தலையோ காலோ வெளியே நிற்கும்.

தள்ளுவண்டியின் சாய்வு முழுவதும் படுக்கையாகும் என்றால் அதுவும் நல்ல இடம், சக்கரப் பூட்டைப் போட்டுவிட்டு. கைகழுவும் தொட்டி மேடையும் சாப்பாட்டு மேசையும் வேண்டாம். ஒன்று வழுக்கும், மற்றது அடுத்தவர் சாப்பிடும் இடம்.

கேள்வி: காரின் பின்சீட்டில் மாற்றும்போது எல்லாம் பின்பக்கமாக வழிந்து சீட்டில் ஊறிவிடுகிறது.

பதில்: சீட் தட்டையாக இருப்பதில்லை, முதுகு சாயும் பக்கமாகச் சரிந்திருக்கும். ஒரு துண்டைச் சுருட்டி அந்தப் பள்ளத்தில் வைத்துச் சமப்படுத்திவிட்டு, அதன் மேல் விரிப்பைப் போடுங்கள். குழந்தையின் கால் கதவுப் பக்கம், நீங்கள் வெளியே நின்று மாற்றுங்கள். வண்டி போகும் சாலைப் பக்கத்துக் கதவில் நிற்க வேண்டாம். பின்புறம் தட்டையான டிக்கி உள்ள கார் என்றால் அது இன்னும் வசதி, இடுப்பு உயரத்தில் இருக்கும். ஓடும் காரில் குழந்தையைச் சீட்டிலிருந்து அவிழ்த்து மாற்றுவது கூடவே கூடாது, எவ்வளவு அழுதாலும்.

கேள்வி: முதுகு வரை ஏறிவிட்டது. சட்டையைத் தலை வழியாகக் கழற்றினால் முகம், முடி எல்லாம் பூசிக்கொள்கிறது. இது ஏன் வெளியே போகும்போது மட்டும் நடக்கிறது?

பதில்: குழந்தைகளின் பாடி சூட்டில் தோளில் இரண்டு மடிப்பு ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு அல்ல. கழுத்தை அகலமாக இழுத்துத் தோள் வழியாகக் கீழே இறக்கிக் கால் வழியே கழற்றலாம். அந்த மடிப்பு இல்லாத சட்டை என்றால், அழுக்கு உள்ளே போகும்படி கீழிருந்து மேலாகச் சுருட்டிக்கொண்டே போய்க் கழற்றுங்கள். கறையைக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள், வெந்நீர் அதை உறைய வைத்துவிடும்.

வெளியே அடிக்கடி நடக்கக் காரணம், கார் சீட்டிலும் வண்டியிலும் குழந்தை நீண்ட நேரம் உட்கார்ந்த வாக்கில் அழுந்திக் கிடப்பது. போகிற மலத்துக்கு மேல்நோக்கித்தான் வழி. கூடவே டயாப்பர் சிறிதாகியிருக்கலாம். டேப் நடுவுக்கு எட்டவில்லை, தொடையில் சிவந்த தடம், பின்பக்கம் பாதி வெளியே தெரிகிறது: மூன்றில் எது இருந்தாலும் அடுத்த அளவுக்குப் போங்கள். எடை இரண்டு அளவுகளுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுங்கள்.

கேள்வி: விமானத்தில் முதல் தடவை, ஆறு மணி நேரம்.

பதில்: ஏறுவதற்கு முன் கடைசி வேலையாக ஒரு முறை மாற்றிவிடுங்கள், ஈரம் இல்லாவிட்டாலும். எல்லாக் கழிவறையிலும் மாற்றும் பலகை இருக்காது. எதில் இருக்கிறது என்று பணியாளரிடம் கேளுங்கள். கழிப்பிடத்துக்கு மேலே சுவரிலிருந்து அது மடங்கி இறங்கும். இரண்டு பேர் நிற்க இடமில்லாததால் சின்னப் பையோடு ஒருவர் போதும். உள்ளே விரித்து வைக்கவும் இடம் குறைவு, ஆகவே வைப்ஸை உருவுவதும் டயாப்பரை விரிப்பதும் இருக்கையிலேயே முடியட்டும். தரையிறங்குவதற்கு அரை மணிக்கு முன்பே ஒரு தடவை போய்வந்துவிடுங்கள், பிறகு பெல்ட் விளக்கு எரிந்தால் எழ முடியாது. தாமதத்தையும் சேர்த்துப் பயண நேரத்தில் மணிக்கு ஒன்று என்று எடுத்துப்போவது அதிகம் இல்லை. கட்டிய பையைக் கழிவறைக் குப்பைத் தொட்டியில் போடுங்கள், உணவு பரிமாறும் பணியாளர் கையில் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: டயாப்பரை மலத்தோடு அப்படியே கழிவறையில் போட்டு ஃப்ளஷ் செய்யலாமா?

பதில்: கூடாது. உள்ளே இருப்பது சோடியம் பாலிஅக்ரிலேட் தூள், தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை இழுத்து ஜெல்லாக ஊதும். குழாய்க்குள்ளும் அதையேதான் செய்யும். மலத்தை மட்டும் கழிப்பிடத்தில் தட்டிவிட்டு, டயாப்பரை முன்னிருந்து இறுக்கிச் சுருட்டி அதன் டேப்பாலேயே ஒட்டிப் பையில் கட்டுங்கள். வைப்ஸும் ஃப்ளஷ் ஆகாது, பாக்கெட்டில் என்ன போட்டிருந்தாலும்.

கேள்வி: மாற்றும்போது தோலில் பளபளவென்று ஜெல் மணிகள் ஒட்டியிருந்தன. விஷமா?

பதில்: இல்லை, மேலே சொன்ன தூள்தான். டயாப்பர் அளவுக்கு மீறி ஊறி உள்தாள் கிழிந்திருக்கும். துடைத்துவிடுங்கள், வாயில் போகாமல் பாருங்கள், இனி கொஞ்சம் சீக்கிரம் மாற்றுங்கள்.

கேள்வி: 14 மாதம். படுக்க வைத்தாலே துள்ளி ஓடுகிறான்.

பதில்: நிற்க வைத்தே மாற்றுங்கள். உங்கள் தோளையோ பெஞ்சையோ பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், மறு கையில் சாவிக்கொத்து மாதிரி வேறு நேரத்தில் கிடைக்காத ஏதாவது ஒன்று. பேன்ட் வகை டயாப்பரில் சிறுநீர் மட்டும் என்றால் கீழே இறக்கலாம். மலம் என்றால் இறக்கவே கூடாது, கால் முழுக்கப் பூசும். இரண்டு பக்கத் தையலையும் கிழித்து, கால்களுக்கு நடுவே பின்பக்கமாக உருவுங்கள். பேன்ட் வகையைப் புதிதாகப் போட ஷூ, கால்சட்டை இரண்டையும் கழற்ற வேண்டும், அழுக்குத் தரையில் அது பெரிய தொல்லை. அதனால் வெளியே போகும்போது டேப் வகையில் ஒன்றிரண்டு எடுங்கள். கால்சட்டையை முழங்காலுக்கு இறக்கினால் போதும், நின்றபடியே ஒட்டிவிடலாம்.

கேள்வி: டயாப்பரின் வெளியே ஈரத்தைக் காட்டும் கோடு நீலமானால் உடனே மாற்ற வேண்டுமா?

பதில்: மஞ்சள் கோடு சிறுநீர் பட்டால் நீலமாகும், கொஞ்சம் பட்டாலும். முழுக்க நீலமாகிக் கனம் தெரிந்தால் மாற்றுங்கள். கோடு பாதிதான் மாறியிருந்தால் அடுத்த நிறுத்தம் வரை தாங்கும். பகலில் இரண்டு, மூன்று மணி நேரம் கணக்கு. மலம் மட்டும் காத்திருக்காது. மலத்தில் உள்ள செரிமான நொதிகள் சிறுநீரோடு சேர்ந்தால் இன்னும் வீரியமாகித் தோலை அரிக்கும்.

கேள்வி: பயணம் போனாலே தொடை இடுக்கு சிவந்துவிடுகிறது. பவுடர் போடலாமா?

பதில்: பவுடர் வேண்டாம், தூள் குழந்தையின் மூச்சோடு உள்ளே போகும். துடைத்துக் காய்ந்த தோலில் துத்தநாக ஆக்சைடு க்ரீமைத் தோல் மறையும் அளவுக்குத் தடிப்பாகப் பூசுங்கள். அடுத்த தடவை அதை முழுக்கச் சுரண்டி எடுக்காதீர்கள், அழுக்கான மேல்படலத்தை மட்டும் துடைத்து மேலே பூசுங்கள். தங்குமிடம் போனதும் பத்து நிமிடம் டயாப்பர் இல்லாமல் விரிப்பில் விடுங்கள். மடிப்புக்குள் அடர்சிவப்பும் அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகளும் இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு வேறு மருந்து. மூன்று நாளில் குறையாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். கொப்புளம், சீழ், காய்ச்சல் என்றால் அன்றைக்கே.

கேள்வி: தண்ணீர் இல்லாத இடத்தில் சானிடைசர் போதுமா?

பதில்: கண்ணுக்குத் தெரியும் அழுக்கின் மேல் அது சரியாக வேலை செய்யாது. முதலில் வைப்ஸால் கையைத் துடைத்து, பிறகு 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் சானிடைசர். முதல் குழாயைப் பார்த்ததும் சோப்புப் போட்டு 20 நொடி. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சில வைரஸ்கள் சானிடைசருக்கு அசையாது. சமீபத்தில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து போட்ட குழந்தை என்றால் இன்னும் கவனம், சில நாள் அந்த வைரஸ் மலத்தில் வெளியேறும்.

கேள்வி: துணி நாப்கின்தான் போடுகிறோம். வெளியே எப்படி?

பதில்: ஜிப் உள்ள நீர்புகாப் பை இரண்டு, ஒன்றில் சுத்தமானது, ஒன்றில் அழுக்கு. உள்ளே மெல்லிய லைனர் போட்டால் மலத்தை அதோடு தூக்கிவிடலாம். ஊற வைக்காமல் ஜிப் மூடி எடுத்துவந்து ஒரு நாளுக்குள் துவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள், உறிஞ்சும் தன்மை போய்விடும்.

கேள்வி: பத்து நாள் குழந்தை, தொப்புள் கொடி இன்னும் விழவில்லை.

பதில்: முன்பக்கத்தை வெளிப்பக்கமாக ஒரு மடி மடித்துக் கொடிக்குக் கீழே ஒட்டுங்கள். காற்றுப் பட்டால் சீக்கிரம் காயும்.

கேள்வி: எட்டு மாதம். காலையில் கிளம்பியதிலிருந்து ஏழு மணி நேரமாக டயாப்பர் காய்ந்தே இருக்கிறது. மாற்ற வேண்டிய வேலை இல்லையே என்று விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். முதலில் உண்மையிலேயே காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், நல்ல டயாப்பரில் மேல்தாள் காய்ந்தே தெரியும். புதியது ஒன்றை மறு கையில் வைத்துக் கனத்தை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கனம் ஒன்றாகவே இருந்தால் இப்போதே பால் கொடுங்கள், வெயிலிலிருந்து நிழலுக்குக் கொண்டுபோங்கள். ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லை என்றால் மருத்துவரை அழைக்க வேண்டும். வாய் உலர்ந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது, எழுப்பினால் துவண்டு விழுகிறது என்று எதைக் கண்டாலும் பயணத்தை நிறுத்திவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.