மேசன் தாத்தா பதில்கள்

கேள்வி: தாத்தா, பிரான்சில் இருக்கும் என் அண்ணன் அங்குள்ள ஒரு பழைய மாதா கோயிலின் படம் அனுப்பினான். கோபுரத்தின் மேலேயிருந்து மாடுகள் எட்டிப் பார்க்கின்றன! நம்ம கோயில் மதிலில் நந்தி உட்கார்ந்திருக்குமே, அப்படி. வெள்ளைக்காரனும் மாட்டைக் கும்பிட்டானா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: கும்பிடவில்லை, மகளே. செய்த வேலைக்கு மரியாதை செய்தான்.

மாடு என்றதுமே ஊர் தெரிந்துவிட்டது. வட பிரான்சில் லான் என்ற ஊர், அதன் நோத்ர தாம் பேராலயம். சுற்றிலும் சமதரை. நடுவில் 100 மீட்டர் அளவுக்கு எழும்பிய ஒரு குன்று. அதன் தலையில் ஊர், ஊரின் தலையில் கோயில். கட்டடச் சாமான் மாட்டு வண்டியில்தான் மேலே ஏறியது. ரயில் வருமுன் நம் மலையிலிருந்து கோப்பி மூட்டை இழுத்த மாடுகளும் இதே பாடு பட்டவைதான். இங்கே பாரம் கீழே இறங்கியது, அங்கே மேலே ஏறியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மேற்கு வாசலின் இரண்டு கோபுரங்களிலும் சேர்த்து 16 கல் மாடுகள். கோபுரம் கீழே சதுரம், மேலே போகப் போக எண்கோணம். சதுரம் எண்கோணமாகத் திரும்பும்போது நான்கு மூலையிலும் இடம் மிஞ்சும் அல்லவா? அங்கே மெல்லிய தூண்களால் சின்னச் சின்ன திறந்த மண்டபங்கள் எழுப்பி, தூண்களுக்கு நடுவே மாடுகளை நிறுத்திவிட்டார்கள். மூலைக் கணக்கு சரிவராமல் மண்டையை உடைத்துக்கொண்ட எந்த மேசனும் இதற்குக் கை தட்டுவான். 13ஆம் நூற்றாண்டில் வில்லார் த ஒன்கூர் என்பவர் இந்தக் கோபுரத்தைத் தன் ஏட்டில் வரைந்து, இதுபோல வேறெங்கும் கண்டதில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்.

இதற்கு முன் அதே இடத்தில் ஒரு பழைய பேராலயம் இருந்தது. அந்த ஊர் ஆயர் கோத்ரி, நகர மக்களுக்குத் தன்னாட்சி உரிமை தருவதாகப் பணம் வாங்கிக்கொண்டு பிறகு கைவிரித்துவிட்டார். 1112இல் கலவரம் வெடித்தது. நிலவறையில் பீப்பாய்க்குள் ஒளிந்திருந்த ஆயரை இழுத்துவந்து கொன்றார்கள். தீ பரவிக் கோயிலும் எரிந்தது. பழுதுபார்க்கக் காசு? புனிதர்களின் திருப்பண்டங்களை, அதாவது எலும்பு, உடை போன்ற அவர்களின் மிச்சங்களைத் தூக்கிக்கொண்டு குருமார் பிரான்சைச் சுற்றினார்கள், கடல் தாண்டி இங்கிலாந்துக்கும் போனார்கள். திருவிழாவுக்கு ரசீதுப் புத்தகத்தோடு லயம் லயமாக ஏறி இறங்கும் நம் கோயில் கமிட்டிக்காரர்களுக்கு இது புரியும்! அந்தப் பழுதுவேலைக்குச் சாமான் ஏற்றிய ஒரு மாடு ஏற்றத்தில் விழுந்துவிட்டதாம். எங்கிருந்தோ இன்னொரு மாடு வந்து நுகத்துக்குக் கழுத்தைக் கொடுத்து, வண்டியை மேலே சேர்த்துவிட்டு மறைந்ததாம். இப்போது நிற்கும் கட்டடம் 1150களில் தொடங்கி 1230களில்தான் ஒருவாறு முடிந்தது. ஆகவே கோயிலைவிடக் கதைக்கு வயது கூட.

நம் தோட்டங்களில் பாலத்துக்கும் பெக்டரிக்கும் கல் சுமந்த மனிதர்களின் பேர் எந்தச் சுவரில் இருக்கிறது என்று நீங்களே தேடிப் பாருங்கள்.

கேள்வி: வண்டி குன்று வரைக்கும் கொண்டுவரும், சரி. அதற்கு மேலே? கிரேன் இல்லாத காலமாச்சே.
– வாசகர், அப்புத்தளை

பதில்: கிரேன் இருந்தது, தம்பி. கரண்டுதான் இல்லை. ஆள் உள்ளே நின்று நடக்கும் அளவுக்குப் பெரிய மரச் சக்கரம். அவன் நடக்க நடக்க அச்சில் கயிறு சுற்றிக்கொள்ளும், கல் ஏறும். கட்டடம் வளர வளரச் சக்கரத்தையும் கழற்றி மேலே கொண்டுபோய்ப் பூட்டுவார்கள்.

கல்லை ஏற்றுவதைவிடச் சுண்ணாம்புச் சாந்தைக் காப்பாற்றுவது பெரிய பாடு. சீமெந்து மாதிரி அது சட்டென்று இறுகாது. ஈரத்தோடு உறைபனி பிடித்தால் உதிர்ந்துவிடும். நுவரெலியாவில் ஜனவரிப் பனி தேயிலைக் கொழுந்தைக் கருக்குவதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதனால் அந்தக் காலத்தில் குளிர் வந்தால் சுவர் வேலையை நிறுத்திவிட்டு, சுவரின் தலைப்பை வைக்கோலும் சாணமும் போட்டு மூடி வைப்பார்கள். கல் செதுக்குகிறவர்கள் மட்டும் கொட்டகைக்குள் வேலையைத் தொடருவார்கள். ஒரு கோயில் ஏன் 80 வருஷம் இழுத்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். காசுத் தட்டுப்பாடு எல்லா ஊரிலும் இருப்பதுதான்.

கேள்வி: நம்ம லயத்துச் சுவர் ஒரு மழைக்கே வெடிக்கிறது. அவர்கள் கட்டியது எதுவும் இடியவே இல்லையா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: இடிந்தது. லான் ஆட்கள் உள்கூரையை 24 மீட்டரில் நிறுத்திக்கொண்டார்கள். ஏழு கோபுரம் நினைத்து ஐந்தோடு முடித்தார்கள். அதே வட பிரான்சில் போவே என்ற இன்னொரு ஊரில் பேராலயம் கட்டியவர்களுக்கோ யாரையும் விட உயரமாகக் கட்ட ஆசை. 48 மீட்டர் உயரத்தில் கல் கூரை போட்டார்கள். 1284இல் அதில் ஒரு பகுதி விழுந்தது. சரி, பாடம் படித்திருப்பார்கள் என்று பார்த்தால், 16ஆம் நூற்றாண்டில் 153 மீட்டருக்கு ஒரு கோபுரம் எழுப்பினார்கள். 1573இல் அதுவும் போனது. மக்கள் நிற்கும் நீளக்கூடம் கடைசிவரை கட்டப்படவே இல்லை. மிஞ்சிய பாதிக்கு உள்ளே இந்தக் காலத்திலும் மரச்சட்டம் வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.