கேட்டதும் சொன்னதும்: பனிக்குள் போனவர்கள்

போன இதழில் தென்துருவத்துக்கு முதலில் போனது யார் என்று ஒருவர் கேட்டிருந்தார். "ஆமுண்ட்சென், நார்வேக்காரர், 1911 டிசம்பர் 14" என்று ஒரே வரியில் பதில் போட்டோம். அதற்கப்புறம் வந்த கடிதங்களில் பாதி பனியைப் பற்றித்தான். அக்னி நட்சத்திரத்தில் நம் பக்கத்து ஆட்கள் பனிக்கட்டியை நினைத்துக்கொண்டிருப்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. இந்த முறை முழுக்க அதுவே.

கே: ஆமுண்ட்சென் ஜெயித்தார், ஸ்காட் செத்தார். ஒருவருக்கு அதிர்ஷ்டம் இருந்தது, இன்னொருவருக்கு இல்லை, அவ்வளவுதானே ஐயா? – கல்லூரி மாணவர், காரைக்குடி

ப: அதே துருவத்துக்குப் போட்டியாகப் போன ஆங்கிலேயர் ஸ்காட்டும் சாகும் முன் எழுதிய குறிப்பில் அதிர்ஷ்டத்தைத்தான் பழித்தார், தம்பி. ஆனால் வரவு செலவு எழுதியே வளர்ந்த சீமை நம்முடையது, கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

ஆமுண்ட்சென் சில ஆண்டுகளுக்கு முன்பே கனடாவின் வட கோடியில் நெட்சிலிக் இன்யூட் மக்களுக்குப் பக்கத்தில் இரண்டு குளிர்காலம் தங்கியவர். தோல் சட்டையைத் தொளதொளவென்று போட வேண்டும், வேர்க்க விடக் கூடாது, வேர்வை உறைந்தால் அதுவே எமன், நாய்களை இப்படித்தான் பூட்டி ஓட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர்களிடம் படித்த பாடம். 5 ஆட்கள், 52 நாய்கள் என்று கிளம்பி, 99 நாளில் 11 நாய்களோடு முகாமுக்குத் திரும்பினார், ஆள் சேதம் இல்லை. ஸ்காட் மோட்டார், குதிரை, நாய் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கொண்டுபோனார். மூன்று மோட்டார் வண்டிகளில் ஒன்று கப்பலை விட்டு இறக்கும்போதே பனி உடைந்து கடலுக்குள் போனது, மற்ற இரண்டும் வழியில் படுத்துவிட்டன. மட்டக்குதிரைக்கு உடம்பெல்லாம் வேர்க்கும், வேர்வை தோல்மேலேயே உறையும். நாய்க்கு அந்தத் தொல்லை கிடையாது. கடைசியில் மனிதர்களே வாரை மாட்டிக்கொண்டு சறுக்கு வண்டி இழுத்தார்கள். அப்படி இழுப்பவனுக்கு ஒரு நாளைக்கு 6,000 கலோரியாவது வேண்டும், பொட்டலத்தில் இருந்ததோ 4,500 சொச்சம். மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டே பட்டினி கிடந்தார்கள்.

என்னைக் கேட்டால் விஷயம் இருப்பது வழியில் வைத்த சரக்கில்தான். திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ள உணவையும் மண்ணெண்ணெயையும் முதல் ஆண்டே கொண்டுபோய்ப் புதைத்து வைப்பார்கள். ஆமுண்ட்சென் கிடங்குக்கு இரண்டு பக்கமும் பல கிலோமீட்டர் தூரம் மூங்கில் கழிகளில் கொடி கட்டி நட்டார். மூடுபனியில் வழி தப்பி எந்தக் கொடியில் போய் முட்டினாலும் சரக்கு எந்தத் திசையில் என்று அதிலேயே குறிப்பு இருக்கும். ஸ்காட் தன் பெரிய கிடங்கை, 'ஒரு டன் கிடங்கு' என்று அதற்குப் பெயர், 80 டிகிரி தெற்கில் வைப்பதாகத் திட்டம். குதிரைகள் தளர்ந்துபோனதால் ஏறக்குறைய 57 கிலோமீட்டர் முன்னாலேயே இறக்கிவிட்டுத் திரும்பினார். குதிரைகளைக் கொன்றாவது மேலே போய்விடுவோம் என்று அவர் குழுவில் இருந்த ஓட்ஸ் சொன்னது எடுபடவில்லை. அடுத்த ஆண்டு மார்ச் கடைசியில் ஸ்காட், வில்சன், பவர்ஸ் மூவரும் கூடாரத்துக்குள் உயிரை விட்டது அந்தக் கிடங்குக்கு 20 கிலோமீட்டர் தெற்கே. திட்டமிட்ட இடத்தில் வைத்திருந்தால் அதற்குள் அதை எட்டியிருப்பார்கள். அந்த ஓட்ஸ்தான், பனிக்கடியில் கால் போய், மற்றவர்களுக்குப் பாரமாக இருக்க மனமில்லாமல் மார்ச் நடுவில் பனிப்புயலுக்குள் தானாக எழுந்து போனவர்.

இன்னும் இருக்கிறது. நாலு பேருக்கென்று கட்டிய பொட்டலம், நாலு பேர் கூடாரம், அதில் கடைசி நேரத்தில் ஐந்தாவது ஆளையும் சேர்த்துக்கொண்டார். மண்ணெண்ணெய் டின்களின் மூடியில் தோல் வாஷர்; அது குளிரில் கெட்டுப்போய் எண்ணெய் கசிந்து ஆவியானது. எண்ணெய் இல்லாவிட்டால் சமையல் மட்டுமல்ல, பனியை உருக்கிக் குடிக்கத் தண்ணீரும் கிடையாது. ஆமுண்ட்சென் தன் டின்களைப் பற்றவைத்தே அடைத்திருந்தார். சரி, ஸ்காட்டை அதிர்ஷ்டம் கைவிடவே இல்லையா என்றால், கைவிட்டது. அந்த மார்ச்சில் வழக்கத்துக்கு மாறான குளிர், மைனஸ் 35, மைனஸ் 40 டிகிரி. அந்தக் குளிரில் வண்டிச் சட்டத்துக்கு அடியில் பனி இளகாது, வழுக்காது, ஆற்று மணலில் இழுத்த மாதிரிதான். கையிருப்பு தாராளமாக இருந்திருந்தால் அதையும் தாக்குப்பிடித்திருக்கலாம் என்பது என் கட்சி.

கே: எங்கள் மாமனார் ரங்கூனுக்குக் கொண்டுவிற்கப் போகும்போது உப்பு நாரத்தங்காயும் வற்றலும் வடகமும் கட்டிக் கொடுத்துத்தான் கப்பல் ஏற்றுவார்களாம். இவர்களுக்கு அப்படிக் கட்டிக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லையா? – ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

ப: ஆச்சி, பெரிய பெரிய டாக்டர்களே தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயத்தில் கை வைத்துவிட்டீர்கள். ரங்கூன் சில நாள் பயணம். துருவம் ஆண்டுக் கணக்கு. காய்ந்த இறைச்சியும் கொழுப்பும் இடித்துச் சேர்த்த பெம்மிக்கன், பிஸ்கட், கோகோ, டீ, இவ்வளவுதான் சாப்பாடு. இதில் வைட்டமின் சி என்பது பொட்டுக்கூட இல்லை. இரண்டு மூன்று மாதத்தில் ஸ்கர்வி தலைகாட்டும். ஈறு வீங்கிக் கறுத்து ரத்தம் கசியும், பல் ஆடும், மூட்டு வலிக்கும், எப்போதோ ஆறிப்போன காயத்தின் தழும்பு மறுபடி வாய் திறக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், மருந்து அவர்களுக்கு முன்பே தெரியும். 1747-லேயே ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர் நோயாளிகள் 12 பேரை இரண்டிரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு வைத்தியம் செய்து பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இரண்டு பேர்தான் சட்டென்று தேறினார்கள். 1795-ல் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாறு கொடுக்க ஆரம்பித்தது, நோய் ஓடியது. அப்புறம் 1860-களில் மத்தியதரைக்கடல் பக்கத்துப் பெரிய மஞ்சள் பழத்தை விட்டுவிட்டு மேற்கிந்தியத் தீவுகளின் சிறிய பச்சை எலுமிச்சைக்கு மாறினார்கள். அதில் வைட்டமின் சி குறைவு, நாள்பட வைத்த சாற்றில் அதுவும் போய்விடும். 1875-ல் வடதுருவம் நோக்கிப் போன நேர்ஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல் தலைவரின் குழு சாறு கையில் இருந்தும் ஸ்கர்வியில் விழுந்தது. உடனே டாக்டர்கள் பழத்தின்மேல் நம்பிக்கை இழந்து, கெட்டுப்போன டின் உணவின் விஷம்தான் காரணம் என்று புதுக் கதை கட்டிவிட்டார்கள். தெரிந்ததையே மறந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பனியிலேயே பிறந்து வளர்ந்த இன்யூட் மக்களுக்கு ஸ்கர்வி வரவில்லை. அவர்கள் சீல் இறைச்சியையும் திமிங்கலத் தோலையும் பச்சையாகவே தின்றார்கள், அதில் வேண்டிய அளவு இருக்கிறது. 1898-ல் பெல்ஜிகா கப்பல் அண்டார்டிகா பனியில் சிக்கி ஆட்கள் படுத்துவிட்டபோது, கப்பல் டாக்டர் குக் எல்லோரையும் சீலும் பெங்குயினும் சாப்பிட வைத்துத்தான் எழுப்பினார். அதே கப்பலில் வேலை பார்த்த இளைஞர் ஆமுண்ட்சென். உங்கள் நாரத்தங்காய் காப்பாற்றியிருக்குமா என்றால், வாய்க்கு நிச்சயம் காப்பாற்றியிருக்கும். ஆனால் வெயிலில் காயக் காய வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடுகிறது, ஸ்கர்விக்கு அது காணாது.

கே: பனிக்கரடி பெங்குயினைத் தின்னுமா? – ஏழாம் வகுப்பு மாணவி, கோட்டையூர்

ப: கரடி வடக்கே, பெங்குயின் தெற்கே. கிடைத்தால் தின்னும், பாப்பா, கிடைக்காது.

கே: நல்ல கம்பளியாகப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டால் குளிர் என்ன செய்துவிடும்? – தேவகோட்டை வாசகர்

ப: போர்வைக்குள்ளேதான் பிரச்சினையே. மூச்சுக் காற்றின் ஈரமும் உடம்பு வேர்வையும் வெளியேற முடியாமல் படுக்கைப் பைக்குள்ளேயே உறையும். நாளாக ஆக அந்தப் பை கனத்துக்கொண்டே போய், காலையில் சுருட்டக்கூட முடியாத பலகை ஆகிவிடும். இரவில் அதை உடம்புச் சூட்டால் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கி, கால், இடுப்பு, தோள் என்று ஒவ்வொன்றாக நுழைக்க வேண்டும்.

1911 ஜூன், ஜூலையில், அங்கே பகலே இல்லாத காலத்தில், ஸ்காட் குழுவின் வில்சன், பவர்ஸ், செர்ரி-கரார்ட் மூவரும் எம்பரர் பெங்குயின் முட்டை எடுக்கப் போனார்கள். குளிர் மைனஸ் 60 டிகிரி வரை இறங்கியது. ஒரு நாள் காலை செர்ரி-கரார்ட் கூடாரத்தை விட்டு வெளியே வந்து தலையை நிமிர்த்திச் சுற்றும் முற்றும் பார்த்தார். கால் நிமிடம்கூட ஆகியிருக்காது, அதற்குள் ஈர உடை உறைந்து இரும்பு மாதிரி ஆகிவிட்டது. தலையைக் குனிய முடியவில்லை. அன்று நாலு மணி நேரம் வானத்தைப் பார்த்த தலையோடேயே வண்டி இழுத்தார். அதற்கப்புறம் வெளியே வந்தவுடன் குனிந்து இழுக்கும் நிலையில் நின்றுவிட்டுத்தான் உடையை உறைய விடுவார்களாம். நடுங்கி நடுங்கி அவருடைய பற்கள் தெறித்தன, புயல் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போனது, அதைத் தேடிக் கண்டுபிடித்ததால்தான் உயிர் பிழைத்தார்கள். கொண்டுவந்து சேர்த்தது மூன்றே முட்டை. பறவைகள் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு அந்தக் கருவில் விடை இருக்கும் என்று நம்பிப் போனார்கள். பிற்பாடு பார்த்தால் அப்படி ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை.

கே: சாகக் கிடக்கும்போதும் ஸ்காட் ஆட்கள் கல் மூட்டையைச் சுமந்தார்களாமே, இது என்ன பைத்தியக்காரத்தனம்? – கானாடுகாத்தான் வாசகர்

ப: சுமார் 16 கிலோ. தூக்கி எறிந்திருந்தாலும் வேகம் பெரிதாகக் கூடியிருக்காது என்றுதான் நினைக்கிறேன், அவர்களை மெலிய வைத்தது வேறு. அந்தக் கற்களில் குளோசாப்டெரிஸ் என்ற அழிந்துபோன மரத்தின் இலைப் படிவு இருந்தது. அதே இலை நம் நாட்டு ராணிகஞ்ச் நிலக்கரிப் படுகையிலும் இருக்கிறது, ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருக்கிறது. இத்தனை நிலமும் ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற ஒரே கண்டமாக ஒட்டிக் கிடந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆக, அண்டார்டிகாவும் நம் மண்ணும் பழைய பங்காளிகள். முட்டையை விட இந்தக் கல் எவ்வளவோ மேல்.

கே: ஆமுண்ட்சென் கூடவே ஓடிவந்த நாய்களைக் கொன்று தின்றார் என்று படித்ததில் இருந்து அவர்மேல் மரியாதையே போய்விட்டது. – ராயவரம் வாசகி

ப: உங்கள் கோபம் புரிகிறது. அவர் கிளம்பும்போதே எந்த இடத்தில் எத்தனை நாய் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினார், எனக்கும் அதைப் படிக்க நெருடத்தான் செய்கிறது. ஆனால் கணக்கில்லாமல் நாயைத் தின்ன நேர்ந்தவர் கதை இன்னும் மோசம். 1912 டிசம்பர் 14, ஆஸ்திரேலியாவின் டக்ளஸ் மாசன். உடன் வந்த நின்னிஸ், நல்ல நாய்கள், கூடாரம், பெரும்பாலான உணவு எல்லாவற்றையும் ஒரே நொடியில் பனிப்பிளவு விழுங்கிவிட்டது. மீதி மாசனும் மெர்ட்ஸும் சில மெலிந்த நாய்களும்தான். முகாம் 500 கிலோமீட்டர் தூரம். நாய்களை ஒவ்வொன்றாக அடித்துத் தின்றுகொண்டே நடந்தார்கள். மெல்லச் சுலபம் என்று ஈரலையும் தின்றார்கள். நாய் ஈரலில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கும், அது விஷம். அதுதான் மெர்ட்ஸைக் கொன்றிருக்கும் என்று பிற்காலத்தில் சொன்னார்கள், மறுப்பவர்களும் உண்டு. மாசனுக்கு உள்ளங்கால் தோல் அடிப்பாகமாகவே கழன்று வந்தது. அதை மறுபடி காலில் வைத்துக் கட்டி, மேலே காலுறை போட்டு நடந்தார். பிப்ரவரி 8 அன்று முகாமை எட்டினார். கப்பல் சில மணி நேரம் முன்புதான் போயிருந்தது. இன்னும் ஓர் ஆண்டு அங்கேயே.

கே: ஷாக்கில்டன் ஓர் உயிரைக்கூட இழக்கவில்லை என்று எங்களுக்கு நடந்த தன்னம்பிக்கைப் பயிற்சியில் சொன்னார்கள். உண்மைதானா? – அரிசி ஆலை ஊழியர், புதுவயல்

ப: பாதி உண்மை. அண்டார்டிகாவைக் குறுக்கே கடக்கக் கிளம்பிய ஷாக்கில்டனின் எண்டியூரன்ஸ் கப்பல் 1915-ல் பனியில் நசுங்கி மூழ்கியது. 28 பேர் பனிமேல் மாதக்கணக்கில் கிடந்து எலிஃபன்ட் தீவில் கரையேற, ஷாக்கில்டன் ஐந்து பேரோடு ஒரு சின்னப் படகில் 1,300 கிலோமீட்டர் கொந்தளிக்கும் கடலைத் தாண்டி உதவி தேடினார். 1916 ஆகஸ்ட் 30 அன்று தீவில் விட்டுவந்த 22 பேரும் மீட்கப்பட்டார்கள். இதுவரை சரி.

பயிற்சியில் சொல்லாதது இன்னொரு பாதி. அவர் கண்டத்தைக் கடந்து வந்தால் எடுத்துக்கொள்ள உணவு வைப்பதற்காக எதிர்க் கரையில் ஒரு குழு இறங்கியது. அவர்களுடைய கப்பலைப் புயல் அறுத்துக்கொண்டு போக, 10 பேர் கரையில் மாட்டிக்கொண்டார்கள். இருந்தும், கிழிந்த உடையும் ஸ்கர்வியுமாக, சொன்ன இடத்தில் எல்லாம் உணவைக் கொண்டுபோய் வைத்தார்கள். எடுக்க ஆள் வரவே இல்லை. ஸ்பென்சர்-ஸ்மித், மக்கின்டோஷ், ஹேவர்ட் என்று மூன்று பேர் இறந்தார்கள். அதுவும் ஷாக்கில்டனின் பயணம்தான்.

கே: இதில் பெண்களே கிடையாதா? – ஆத்தங்குடி வாசகி

ப: அந்தக் காலத்தில் மனுப் போட்டவர்களைக்கூடச் சேர்க்கவில்லை. நம் நாட்டில் 1983-84 பயணத்தில் அதிதி பந்த், சுதீப்தா சென்குப்தா இருவரும் அண்டார்டிகா போனார்கள், ஒருவர் கடல் ஆராய்ச்சி, மற்றவர் நிலவியல். இஸ்ரோவின் மங்களா மணி 2016-17-ல் பாரதி நிலையத்தில் ஓராண்டுக்கு மேல் தங்கினார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

கே: நான் கல்யாணச் சமையல் மாஸ்டர். அண்டார்டிகாவில் நம் ஆட்களுக்குச் சமைக்க வேலை கிடைக்குமா? – காரைக்குடி

ப: கிடைக்கும், கேலி இல்லை. மைத்ரி, பாரதி என்று நமக்கு அங்கே இரண்டு நிலையங்கள். விஞ்ஞானிகளோடு டாக்டர், எலக்ட்ரீஷியன், மெக்கானிக், சமையல்காரர் என்றும் ஆள் எடுப்பார்கள். கோவாவில் இருக்கும் தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையத்தின் அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டிருங்கள். உடம்புப் பரிசோதனை கடுமையாக இருக்கும், இமயமலைப் பனியில் பயிற்சியும் உண்டு.

கோழிக் குழம்பு வைக்கலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். உயிர்க்கோழி கொண்டுபோகத் தடை. உரித்த கோழி போகலாம், அதுவும் நோய் இல்லை என்று பரிசோதித்த பிறகு. பெங்குயின்களுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயம். தின்னாமல் மிஞ்சியதை எரித்துவிட வேண்டும், இல்லையென்றால் திரும்ப எடுத்து வர வேண்டும், அண்டார்டிகா ஒப்பந்தத்தின் சுற்றுச்சூழல் விதியே அப்படி. கல்யாணப் பந்திக் கணக்கில் தாராளமாக வைத்துவிடாதீர்கள், மாஸ்டர், அளந்து வையுங்கள்.