2011 பார்க்கா வெல்யாவை இப்போது திறப்பதா, வெள்ளி விழாவுக்கு வைப்பதா?

கேள்வி: போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். எங்கள் திருமணம் நடந்த 2011ஆம் ஆண்டின் ‘பார்க்கா வெல்யா’ சிவப்பு ஒயினை இங்குள்ள கடையொன்றில் கண்டேன். விலை பல நூறு யூரோ. அதே நிறுவனத்தின் 2009 ‘ரெசெர்வா எஸ்பெசியால்’ அதில் பாதிக்கும் குறைவான விலையில் பக்கத்திலேயே இருந்தது. முதலாவதை வாங்கி 2036இல் வரும் வெள்ளி விழாவுக்குத் திறக்க ஆசை. அதுவரை கெடாமல் இருக்குமா? விலை குறைந்தது தரத்திலும் குறைந்ததா?

பதில்: 2036 வரை இருக்கும். இருபது, முப்பது ஆண்டு கடந்த பார்க்கா வெல்யாக்கள் நல்ல நிலையில் திறக்கப்படுவது புதிதன்று. 2011ஆம் ஆண்டோ இந்த ஒயின் விளையும் டூரோ பள்ளத்தாக்கு முழுவதற்குமே மிகச் சிறப்பாக அமைந்த ஆண்டு. ஆகவே ஒயினின் வலிமையைப் பற்றி எனக்கு ஐயமில்லை. உங்கள் வீட்டைப் பற்றித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. 12 முதல் 14 பாகை செல்சியஸ் வெப்பத்தில், இருட்டில், தக்கை காய்ந்துவிடாதபடி படுக்கை வாக்கில் பத்தாண்டு வைத்திருக்க வசதி உண்டா? சமையலறை அலமாரியில் சில கோடைகளைக் கழித்த புட்டி, எவ்வளவு உயர்ந்ததாயினும், பழச்சுவை வற்றி வெறும் புளிப்பும் துவர்ப்புமாக மிஞ்சிவிடும். ஒயினுக்கென்றே உள்ள குளிர்பெட்டியோ, வாடகைக்குக் கிடைக்கும் சேமிப்பு அறையோ இல்லையென்றால், இப்போது வாங்கி இப்போதே குடிப்பதுதான் அந்த ஒயினுக்குச் செய்யும் மரியாதை.

விலை வேறுபாட்டைப் புரிந்துகொள்ள பார்க்கா வெல்யாவின் வரலாறு உதவும். சாராயம் சேர்த்துச் செய்யும் இனிப்பான போர்ட் ஒயினுக்கே பெயர்பெற்ற டூரோவில், அப்படி எதுவும் சேர்க்காமல் நீண்ட காலம் நிற்கும் சிவப்பு ஒயினையும் செய்ய முடியும் என்று நம்பிய ஃபெர்னாண்டோ நிக்கோலாவ் தெ அல்மெய்டா, கஸா ஃபெரெய்ரின்யா நிறுவனத்துக்காக 1952இல் முதல் பார்க்கா வெல்யாவை உருவாக்கினார். ‘பழைய படகு’ என்பது பெயரின் பொருள். கொளுத்தும் கோடை கொண்ட மேல் டூரோவில் திராட்சைச் சாறு நொதிக்கும்போது சூடேறிவிடாமல் இருக்க, கடற்கரைப் பக்கத்திலிருந்து பனிக்கட்டி கொண்டுவர வேண்டியிருந்த காலம் அது. அன்று தொடங்கி இன்றுவரை மிகச் சிறந்த ஆண்டுகளில் மட்டுமே அந்தப் பெயர் சூட்டப்படுகிறது. 2011 அந்த வரிசையில் இருபதாவது.

பெயர் சூட்டுவதை அறுவடையின்போதே முடிவு செய்வதில்லை என்பதுதான் உங்களுக்கு முக்கியம். ஒயினைப் பீப்பாயிலும் பின்னர் புட்டியிலும் பல ஆண்டு வைத்து, மீண்டும் மீண்டும் சுவைத்த பிறகே முடிவு எடுக்கிறார்கள்; 2011 விற்பனைக்கு வந்ததே 2020இல்தான். அந்தச் சோதனையில் சற்றே பின்தங்கும் ஒயின் ‘ரெசெர்வா எஸ்பெசியால்’ என்ற பெயரில் வெளிவருகிறது. ஆகவே நீங்கள் கண்ட 2009 மட்டமான சரக்கு அன்று. அதே அக்கறையோடு வளர்க்கப்பட்டு, பெயரை மட்டும் பெறாதது. 2009 வெப்பம் மிகுந்த ஆண்டு என்பதால் அதை 2036 வரை வைக்க நான் சொல்ல மாட்டேன். இந்த ஆண்டே திறந்து மகிழுங்கள். குடிப்பதற்காக வாங்குபவருக்கு, கொடுத்த பணத்துக்கு அதுவே கூடுதல் மதிப்புத் தரும் என்பது என் உறுதியான கருத்து.

திருமண ஆண்டின் புட்டிதான் வேண்டும் என்று முடிவு செய்தால், கடைக்காரர் அதை எங்கே, எவ்வளவு காலம் வைத்திருந்தார் என்று கேளுங்கள். விளக்கு வெளிச்சம் படும் காட்சி அலமாரியில் நின்ற புட்டியை வாங்காதீர்கள். ஒயின் மட்டம் கழுத்துவரை இருக்கிறதா, தக்கையோரம் கசிந்த பிசுபிசுப்பு உண்டா என்றும் பாருங்கள்.

திறக்கும் நாளுக்கு இரு நாள் முன்பே புட்டியை நிமிர்த்தி வைத்தால் மண்டி அடியில் தங்கிவிடும். இன்று திறப்பதாயின் அகன்ற கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி ஒரு மணி நேரமாவது காற்றாட விடலாம். 2036இல் அப்படிச் செய்ய வேண்டாம், முதிர்ந்த ஒயினின் மணம் விரைவில் கலைந்துவிடும், மண்டி கலக்காமல் வடித்தவுடன் பருகுங்கள். 17 பாகை அளவான குளிர்ச்சி போதும். நனைந்த அட்டைப்பெட்டி போன்ற வாசம் வந்தால் அது தக்கையால் வந்த கெடுதல். குடுவையில் எவ்வளவு நேரம் வைத்தாலும் போகாது. உடன் உண்ண, அடுப்பில் வாட்டிய ஆட்டிறைச்சி மிகப் பொருத்தம். நம் வீட்டுக் காரக் குழம்பை அன்று ஒரு வேளை தள்ளி வையுங்கள்; மிளகாய்க் காரம் ஒயினின் துவர்ப்பைக் கடுமையாக்கி, இத்தனை ஆண்டு காத்திருந்து பெற்ற மென்மையை மறைத்துவிடும்.