முதலில் கார்டை வாய்விட்டுப் படியுங்கள்: விதிச் சந்தேகங்கள், கேள்வி பதில்

மேஜிக், யூ-கி-ஓ, போக்கிமான் என்ற மூன்று கார்டு ஆட்டங்களும் ஆடுபவன் நான். முதல் இரண்டுக்கும் போட்டிகளில் ஜட்ஜாக நின்ற அனுபவமும் உண்டு. கார்டு வாசகத்தில் வரும் குழப்பங்களைக் கேளுங்கள் என்றதும் எக்கச்சக்கமாக வந்துவிட்டது. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். கார்டில் உள்ள ஆங்கிலச் சொற்களை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். ஏன் என்பது பீட்டன் கேள்விக்கான பதிலில் தெரியும்.

கேள்வி: அண்ணா, ரூல்புக் ஒன்று சொல்லுது, கார்டு வேற சொல்லுது. எதைக் கேக்குறது?

கார்டைத்தான். இலக்கணத்தில் பொது விதி, சிறப்பு விதி என்று படித்திருப்பீர்களே, அதே கதை. மேஜிக்கில் ஒரு டர்னுக்கு ஒரு லேண்ட் (மானா என்ற சக்தி தரும் நிலக் கார்டு) என்பது பொது விதி. 'இன்னொரு லேண்ட் இறக்கலாம்' என்று ஒரு கார்டு சொன்னால் அது சிறப்பு விதி, அது ஜெயிக்கும். இரண்டு கார்டுகளே முட்டிக்கொண்டால்? ஒன்று 'இறக்கலாம்', மற்றது 'இறக்கக் கூடாது' என்றால், கூடாது என்பதுதான் நிற்கும். எது முதலில் வந்தது, எது பெரிய கார்டு என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது.

கேள்வி: யூ-கி-ஓவில் பீட்டன் த டார்க் க்ளவுனை ட்ரிப்யூட் செய்து (பலி கொடுத்து) பெரிய மான்ஸ்டரைச் சம்மன் செய்தேன் (களத்தில் இறக்கினேன்). பீட்டன் க்ரேவ்யார்டுக்குப் போனால் டெக்கிலிருந்து இன்னொரு பீட்டனை இறக்கலாம் என்றுதானே இருக்கிறது? எதிராளி 'டைமிங் மிஸ்' என்று சொல்லி இறக்க அனுமதிக்கவில்லை. அவர் சொன்னது சரியா?

சரிதான், வருத்தமாக இருந்தாலும்.

உங்கள் கேள்வியிலேயே பதில் ஒளிந்திருக்கிறது. 'போனால்' என்று எழுதியிருக்கிறீர்கள். கார்டில் இருப்பது 'வென்'. தமிழில் பேசும்போது 'வென்', 'இஃப்' இரண்டையும் 'போனா', 'செத்தா', 'வந்தா' என்று ஒரே விகுதியில் அடக்கிவிடுகிறோம். அன்றாடப் பேச்சுக்கு அது போதும். ஆனால் யூ-கி-ஓவில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது.

'வென் ... யூ கேன்' என்று வந்தால், அந்தச் சம்பவம் *கடைசியாக* நடந்ததாக இருக்க வேண்டும். நீங்கள் பீட்டனை ட்ரிப்யூட் செய்தீர்கள், அது க்ரேவ்யார்டுக்குப் போனது. ஆனால் அதோடு நிற்கவில்லை, அதற்குப் பிறகு பெரிய மான்ஸ்டர் களத்துக்கு வந்தது. கடைசியாக நடந்தது சம்மன்தான். பீட்டன் வாயைத் திறப்பதற்குள் கணம் கடந்துவிட்டது. அதே பீட்டன் சண்டையில் அழிந்திருந்தால் தாராளமாக இன்னொன்றை இறக்கலாம். செயினில் (பதிலுக்குப் பதில் போடும் எஃபெக்ட்களின் தொடர், கடைசி லிங்க்கிலிருந்து பின்னோக்கி நிறைவேறும்) இரண்டாவது லிங்க்கில் அழிந்து, அதன்பின் முதல் லிங்க் வேறு எதையாவது செய்தால் மறுபடி போச்சு.

'இஃப் ... யூ கேன்' என்றிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. நடந்ததா என்று மட்டும் பார்க்கும், கடைசியா என்று பார்க்காது.

இன்னொன்றும் கவனியுங்கள்: 'வென்'னும் 'யூ கேன்'னும் சேர்ந்து இருந்தால்தான் டைமிங் தவறும். 'யூ கேன்' இல்லாத கட்டாய எஃபெக்ட்டுக்கு 'வென்' இருந்தாலும் தவறாது.

2011-ல் இந்த ஆட்டத்தின் கார்டு வாசகத்தையே ஒழுங்குபடுத்தினார்கள். அதற்குப் பின் வந்த கார்டுகளில் நிறுத்தற்குறிகூட விதிதான். கோலனுக்கு முன்னால் இருப்பது நிபந்தனை. செமிகோலனுக்கு முன்னால் இருப்பது ஆக்டிவேட் செய்யும்போதே கொடுக்க வேண்டிய விலை அல்லது டார்கெட். செமிகோலனுக்குப் பின்னால் இருப்பதுதான் எஃபெக்ட். 'ஒரு கார்டை டிஸ்கார்டு செய்; ஒரு கார்டை அழி' என்றிருக்கும்போது எதிராளி எஃபெக்ட்டை நெகேட் செய்தால் (செல்லாததாக்கினால்), டிஸ்கார்டு செய்தது திரும்பி வராது. விலை கொடுத்தது கொடுத்ததுதான்.

கேள்வி: மேஜிக்கிலும் இதே 'வென்', 'இஃப்' வித்தியாசம்தானே சார்?

இல்லை, கிட்டத்தட்ட தலைகீழ். இரண்டு ஆட்டமும் ஆடுபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

மேஜிக்கில் 'வென்' ட்ரிக்கர் (ஒரு சம்பவம் நடந்ததும் தானாகக் கிளம்பும் திறன்) டைமிங் தவறுவதே கிடையாது. நடுவில் பத்து விஷயம் நடந்தாலும், அடுத்து வாய்ப்பு வந்ததும் ஸ்டாக்கில் (நிறைவேறக் காத்திருக்கும் அடுக்கில்) ஏறிவிடும். அங்கே கண்டிப்பானது 'இஃப்'தான். ஃபெலிடார் சாவரின் கார்டைப் பாருங்கள். 'அப்கீப் தொடங்கும்போது, உங்களுக்கு 40 அல்லது அதற்கு மேல் லைஃப் இருந்தால், நீங்கள் ஜெயிக்கிறீர்கள்.' அப்கீப் என்பது டர்னின் தொடக்கக் கட்டம். இந்த 'இஃப்' இரண்டு முறை சோதிக்கப்படும். ட்ரிக்கர் ஆகும்போது ஒருமுறை, ரிசால்வ் ஆகும்போது (நிறைவேறும்போது) மறுமுறை. சரியாக 40-ல் உட்கார்ந்திருக்கிறீர்கள், ட்ரிக்கர் ஸ்டாக்கில் ஏறிவிட்டது, கை குலுக்க எழுகிறீர்கள். எதிராளி 3 டேமேஜ் தரும் லைட்னிங் போல்ட் போடுகிறார். 37. ட்ரிக்கர் வந்த வழியே போய்விடும். நாற்காலியில் மறுபடி உட்கார வேண்டியதுதான்.

கேள்வி: ஹெக்ஸ்ப்ரூஃப் உள்ள (எதிராளி டார்கெட் செய்ய முடியாத) க்ரீச்சரை 'சூஸ்' செய்யலாமா? டார்கெட்டும் சூஸும் ஒன்றா?

மேஜிக்கில் ஒன்றல்ல. 'டார்கெட்' என்ற சொல் கார்டிலேயே இருக்க வேண்டும், அல்லது எக்விப் மாதிரி ஒரு கீவேர்டின் விளக்கத்துக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் டார்கெட் கிடையாது. குளோன் எந்த க்ரீச்சரையும் காப்பி அடிக்கும், ஹெக்ஸ்ப்ரூஃப் தடுக்காது. ராத் ஆஃப் காட் எல்லா க்ரீச்சரையும் அழிக்கும், அதையும் தடுக்காது.

யூ-கி-ஓவில் பழைய அச்சுகள் 'செலக்ட்' என்று எழுதியிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை இன்றைய அர்த்தத்தில் டார்கெட்தான். கையில் பழைய அச்சு இருந்தால் இப்போதைய வாசகத்தைப் பார்த்துவிட்டு ஆடுங்கள்.

கேள்வி: மேஜிக்கில் டயபாலிக் ஈடிக்ட் (டார்கெட் செய்த ஆட்டக்காரர் ஒரு க்ரீச்சரைச் சாக்ரிஃபைஸ் செய்ய வேண்டும்) போட்டேன். 'என் க்ரீச்சருக்கு ஹெக்ஸ்ப்ரூஃப், இன்டிஸ்ட்ரக்டிபிள் ரெண்டும் இருக்கு, ஒண்ணும் ஆகாது' என்றார் எதிராளி.

அந்த ஒரு க்ரீச்சர்தான் அவரிடம் இருந்தது என்றால், அது போய்ச் சேர்ந்தது. ஈடிக்ட் டார்கெட் செய்வது ஆட்டக்காரரை. க்ரீச்சரைத் தொடவே இல்லை. சாக்ரிஃபைஸ் (தானே பலியிடுவது) என்பது டிஸ்ட்ராய் (அழிப்பது) அல்ல, அதனால் டிஸ்ட்ராயை மட்டும் தடுக்கும் இன்டிஸ்ட்ரக்டிபிளும் உதவாது.

கேள்வி: போக்கிமானில் 30 டேமேஜும் மூணு டேமேஜ் கவுன்டரும் ஒண்ணுதானே?

எண்ணிக்கையில் ஒன்று, விதியில் வேறு. எதிரே நிற்கும் ஆக்டிவ் போக்கிமானுக்கு உங்கள் வகை மேல் இரட்டிப்பு வீக்னஸ் இருந்தால், 30 டேமேஜ் 60 ஆகும். 'மூன்று டேமேஜ் கவுன்டர் வை' என்றால் மூன்றுதான் வைக்க வேண்டும், வீக்னஸும் கிடையாது, ரெசிஸ்டன்ஸும் கிடையாது. 'டேமேஜைத் தடுக்கும்' எஃபெக்ட்டும் கவுன்டரைத் தடுக்காது.

கேள்வி: மேஜிக்கில் பிளட் மூன் கார்டும் உர்போர்க் என்ற லேண்டும் ஒரே நேரத்தில் களத்தில் இருக்கின்றன. உர்போர்க் முதலில் வந்தது. எல்லா லேண்டும் ஸ்வாம்ப்பா, இல்லையா? எங்கள் மேசையில் இதற்காக அரை மணி நேரம் போனது.

அரை மணி நேரம் குறைவுதான். இதில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன்.

பிளட் மூனில் இருப்பது நாலே சொல்: 'நான்பேசிக் லேண்ட்ஸ் ஆர் மவுண்டன்ஸ்.' பேசிக் அல்லாத லேண்டெல்லாம் மவுண்டன் என்ற வகை. உர்போர்க், ஒவ்வொரு லேண்டும் தன் மற்ற வகைகளோடு *கூடுதலாக* ஸ்வாம்ப் என்கிறது. அந்தக் 'கூடுதலாக' பிளட் மூனில் இல்லை. ஒரு லேண்டை வெறுமனே 'ஆர் மவுண்டன்ஸ்' என்று சொன்னால், அதன் பழைய லேண்ட் வகையும், அதில் எழுதியிருந்த திறன்களும் போய்விடும், சிவப்பு மானா தரும் திறன் மட்டும் மிஞ்சும் என்பது விதி. உர்போர்க் நான்பேசிக். ஆகவே அதுவும் மவுண்டன் ஆகிவிடும். 'எல்லா லேண்டும் ஸ்வாம்ப்' என்ற அதன் வரி அழிந்துவிடும்.

'முதலில் வந்தது உர்போர்க் ஆச்சே' என்பீர்கள். வழக்கமாக வந்த வரிசைதான் கணக்கு. ஆனால் ஒரு எஃபெக்ட் இன்னொன்று இருப்பதா இல்லையா என்பதையே தீர்மானித்தால், சார்ந்திருப்பது பின்னால் போகும். உர்போர்க்கின் வரி உயிரோடு இருக்குமா என்பது பிளட் மூன் கையில். அதனால் யார் எப்போது வந்தாலும் முதலில் பிளட் மூன். பெயர் உர்போர்க்தான், லெஜண்டரியும்தான். ஆனால் டேப் செய்தால் சிவப்பு மானா மட்டும்.

கேள்வி: மேஜிக்கில் டேமேஜை இரட்டிப்பாக்கும் கார்டும், 'அடுத்த 2 டேமேஜைத் தடு' என்ற எஃபெக்ட்டும் சேர்ந்தால்?

அடி வாங்குபவர் வரிசையைத் தீர்மானிப்பார். லைட்னிங் போல்ட்டின் 3 வருகிறது. முதலில் தடுத்தால் 1, இரட்டித்தால் 2. முதலில் இரட்டித்தால் 6, தடுத்தால் 4. அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: யூ-கி-ஓவில் 'ஃபிராக்' மான்ஸ்டர்களுக்கான கார்டு, ஃபிராக் த ஜாமுக்கும் செல்லுமா? பேரிலேயே ஃபிராக் இருக்கே!

செல்லாது. ஜப்பானிய மூலத்தில் அது அந்தக் குடும்பத்துப் பெயரைத் தாங்கவில்லை. ஆங்கிலத்துக்கு வந்தபோது பெயரில் 'ஃபிராக்' வந்து உட்கார்ந்துவிட்டது. பிறகு மற்ற கார்டுகளில் எல்லாம் 'ஃபிராக் த ஜாம் தவிர' என்று எழுத வேண்டியதாயிற்று. கடைசியில் அதன் பெயரையே ஸ்லைம் டோட் என்று மாற்றினார்கள். இதற்கு நேர்மாறு சம்மன்ட் ஸ்கல். பெயரில் 'ஆர்ச்ஃபீண்ட்' இல்லை, ஆனால் எப்போதும் ஆர்ச்ஃபீண்ட் கார்டாகவே கொள்ளப்படும் என்று அதிலேயே எழுதியிருக்கும்.

கேள்வி: மேஜிக்கில் ரேம்பன்ட் குரோத் (டெக்கில் பேசிக் லேண்ட் தேடும் கார்டு) போட்டுவிட்டு 'டெக்கில் பேசிக் லேண்ட் இல்லை' என்று சும்மா சொல்லலாமா?

சொல்லலாம். மறைவான இடத்தில் குறிப்பிட்ட வகைக் கார்டைத் தேடும்போது, இருந்தாலும் எடுக்காமல் விடலாம். டிமானிக் டியூட்டரில் முடியாது. அது 'ஒரு கார்டு' என்கிறது, டெக்கில் கார்டு இருந்தால் எடுத்தே ஆக வேண்டும்.

கேள்வி: வார்த்தையைப் பிடித்துத் தொங்காமல், வடிவமைத்தவர் என்ன நினைத்தார் என்று பார்க்கக் கூடாதா?

பார்த்தால் எல்லோருக்கும் அவரவர் நினைத்ததுதான் தெரியும். மேஜிக்கை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டே ஒரு சம்பவம் சொல்வார். 1993-ல் ஆட்டம் வெளிவருவதற்கு முந்தைய சோதனைக் காலம். ஓர் ஆட்டக்காரர், அடுத்த டர்னிலேயே ஜெயிக்க வைக்கும் கார்டு ஒன்று தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். இவருக்கு அப்படி ஒரு கார்டைச் செய்த நினைவே இல்லை. வாங்கிப் பார்த்தால் டைம் வாக். அதில் எழுதியிருந்தது: 'ஆப்போனன்ட் லூசஸ் நெக்ஸ்ட் டர்ன்.' எதிராளி தன் அடுத்த டர்னை இழப்பார் என்று எழுதியவர் நினைத்தார். எதிராளி அடுத்த டர்னில் தோற்பார் என்று படித்தவர் படித்தார். இரண்டும் ஆங்கிலத்தில் சரியே. அச்சில் வந்தபோது, இந்த டர்னுக்குப் பின் நீங்கள் ஒரு டர்ன் கூடுதலாக ஆடலாம் என்று மாறியது.

1994-ல் வந்த ஃப்ளோரல் ஸ்பஸம் என்ற மேஜிக் கார்டு இன்னும் வேடிக்கை. தடுக்கப்படாமல் தாக்கினால், எதிராளியின் ஆர்ட்டிஃபேக்ட்டை அழிப்பதா என்று *ஃப்ளோரல் ஸ்பஸம்* தேர்ந்தெடுக்கலாம் என்று அச்சாகிவிட்டது. கார்டின் காதில் போய்க் கேட்க வேண்டுமா என்ன? இப்போதைய வாசகத்தில் 'யூ மே' என்று திருத்திவிட்டார்கள். பழைய கார்டில் எப்போதும் திருத்திய வாசகமே செல்லும், அச்சில் என்ன இருந்தாலும்.

கேள்வி: ஜட்ஜைக் கூப்பிட்டால் எதிராளியைச் சந்தேகப்படுவது போல் ஆகாதா?

ஆகாது. ஆனால் அந்த மூவை ஆடுவதற்கு *முன்* கூப்பிடுங்கள். மேஜிக் போட்டியில் ஜட்ஜ் சொன்னது ஒப்பவில்லை என்றால் ஹெட் ஜட்ஜிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் சொல்வதே முடிவு.

ஜட்ஜும் தப்பு செய்வார். மிட்நைட் ரீப்பர் என்ற மேஜிக் கார்டு வைத்திருந்த ஒருவர் 'என் க்ரீச்சர் செத்தா ஒரு டேமேஜ், ஒரு கார்டு, சரிதானே?' என்று கேட்டார். செத்தது ஒரு டோக்கன் (கார்டாக இல்லாமல் வேறொரு எஃபெக்ட் உருவாக்கிய க்ரீச்சர்). எனக்குக் கார்டு தெரியும் என்ற திமிரில், மேசையில் இருந்ததை எட்டிக்கூடப் பார்க்காமல் 'சரி' என்று நகர்ந்துவிட்டேன். இரண்டு டர்ன் கழித்துப் பக்கத்து மேசைக்காரர் கார்டைப் படித்துக் காட்டினார்: 'நான்டோக்கன் க்ரீச்சர்.' அன்றிலிருந்து யார் கேட்டாலும் கார்டை என் கையில் வாங்கிச் சத்தமாகப் படித்த பிறகுதான் வாயைத் திறப்பேன்.

கேள்வி: சார், மேலே பீட்டன் கேள்வி கேட்டவருடன் ஆடியது நான்தான். தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்ததில் மகிழ்ச்சி. ஒரு சின்ன உறுத்தல். அதே ஆட்டத்தில் அவர், களத்திலிருந்து க்ரேவ்யார்டுக்குப் போனால் டெக்கில் ஒரு மான்ஸ்டரைத் தேடித் தரும் சங்கனையும் ட்ரிப்யூட் செய்தார். அதற்கும் நான் 'டைமிங் மிஸ்' என்று சொல்லி டெக்கைத் தேட விடவில்லை.

சங்கனின் இப்போதைய வாசகம் 'இஃப்'. அச்சில் 'வென்' என்றிருக்கும் பழைய பிரதியாக இருந்தாலும் அதில் 'யூ கேன்' கிடையாது, தேடுவது கட்டாயம். அவர் மறந்திருந்தால்கூட நீங்கள் நினைவுபடுத்தியிருக்க வேண்டும். 1500 அல்லது அதற்குக் கீழே அட்டாக் உள்ள ஒரு மான்ஸ்டரை அவருக்கு நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள். அவரும் இதைப் படித்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.