டாலெக் குரல் பிறந்த விதம்

கேள்வி: ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரில், டாலெக்குகள் என்ற இயந்திர உடல் வில்லன்கள் முதன்முதலாக வரும் கதையை இப்போது பார்க்கலாமா? அந்தக் குரலைப் பள்ளி நாடகத்துக்கு எப்படிக் கொண்டுவருவது?

பதில்: அவசியம் பாருங்கள். டெர்ரி நேஷன் எழுத, பிபிசி 1963 டிசம்பர் 21 முதல் ஏழு வாரம் ஒளிபரப்பிய கதை அது. 2023-இல் வண்ணமூட்டி 75 நிமிடமாகச் சுருக்கிய வடிவமும் உண்டு. ஆனாலும் கறுப்பு வெள்ளையே என் தேர்வு. முதல் பகுதி முடிவில் இயந்திரத்தின் கை மட்டும் நெருங்கி வரும். அந்த அச்சத்துக்கு நிழல்தான் அழகு. பிற்பாதியில் குகைப் பயணம் கொஞ்சம் இழுக்கும். நாளுக்கு ஒரு பகுதி போதும்.

குரலுக்கு வருவோம். பேச்சை 30 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 30 அதிர்வு) சைன் அலையோடு, அதாவது சீராக ஏறி இறங்கும் அலையோடு, பெருக்க வேண்டும். இதற்குப் பெயர் ரிங் மாடுலேஷன். 200 ஹெர்ட்ஸ் ஒலி மறைந்து 170, 230 என இரண்டாகப் பிரியும். மனிதச் சாயல் போவது அதனால்தான். கணினியில் செய்யும்போது அசல் குரலைத் துளியும் கலக்காதீர்கள். பலர் ஒலியளவை மட்டும் ஏற்றி இறக்கும் ட்ரெமோலோவைப் போட்டுவிட்டு ஏமாறுகிறார்கள். அதில் அசல் சுருதி அப்படியே தங்கி, குரல் நடுங்க மட்டுமே செய்யும். அலையின் ஹெர்ட்ஸை மிக அதிகமாக ஏற்றினால் சொல் புரிவது கடினமாகும்.

கருவி பாதிதான். ஒரே சுருதியில், அசை அசையாக வெட்டி, உயிரெழுத்தை நீட்டிப் பேசப் பழக்குங்கள். வேகமாகப் பேசினால் மெய்யெழுத்துகள் கரகரப்பில் கரைந்துவிடும்.